உண்ட வீட்டுக்கு ரெண்டகம்

(தஞ்சையில் கலை இரவு ஒன்றின் தொடக்கத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



கவிதை வாசிக்கச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். கவிதை கொண்டு வரவில்லை. இன்னிக்கு சிரிப்பைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம்னு வந்திருக்கேன். யார் யாரைப் பார்த்துச் சிரிக்கலாம், எந்த இடத்தில் சிரிப்பு நிக்கணும், அதை நிறுத்துகிற கை யாருடைய கை, இதுதான் பேச்சு. பின்னால் பாயில் உட்கார்ந்திருக்கிற டியூஷன் பிள்ளைகளுக்கு நான் ஒரு பதில் சொல்ல வேண்டிய பாக்கி இருக்கு. அதைக் கடைசியில் சொல்கிறேன். அதுவரைக்கும் அவங்க தூங்காம இருக்கணும்.

முதலில் எங்க வீட்டுக் கதை ஒன்று.

என் தாத்தாவோட அப்பா, எனக்குப் பூட்டன், வெண்ணாற்றுப் பாசனத்தில் ஒரு மிராசுதாரிடம் பண்ணையாள். சம்பா அறுத்து, ராத்திரியில் களத்துமேட்டில் போரடிப்பார்கள். தூக்கம் கண்ணைச் சொருகும். அதுக்காகப் பாட்டும் பழமையும் நடக்கும். பூட்டன் கொஞ்சம் கோமாளி. துண்டை எடுத்து அங்கவஸ்திரம் மாதிரி மடிச்சுப் போட்டுக்கிட்டு, வயித்தை முன்னால தள்ளிக்கிட்டு, ஒரு கை வெத்திலை மடிக்க, ஒரு கண்ணு மட்டும் மரக்காலையே பார்க்க, அப்படியே மிராசுதார் நடந்து வர்ற மாதிரி நடிச்சுக் காட்டுவாராம். களமே சிரிக்குமாம். மாடுகூட நின்னு பார்க்கும்பா என்று தாத்தா சொல்வார்.

ஒருநாள் காரியக்காரர் வைக்கோல் போருக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டார். மறுநாள் காலையில் பூட்டனுக்குச் சாணிப்பாலும் சவுக்கடியும். சாணிப்பால் என்றால் என்ன என்று இங்கே இருக்கிற பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகளுக்காகச் சொல்றேன். மாட்டுச் சாணத்தைத் தண்ணியில் கரைச்சு, ஆளைப் பிடிச்சு, வாயில் ஊத்துறது. கீழத்தஞ்சையில் பண்ணையாளுக்கு அது வழக்கமான தண்டனை. அடிக்கும்போது மிராசுதார் சொன்னாராம்: "என் சோத்தைத் தின்னுட்டு என்னையே பழிச்சுக் காட்டுறியா? உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்றியாடா?"

தாத்தா அப்போது சின்னப் பையன். பக்கத்தில் நின்று பார்த்தவர். அடியைவிட அந்தச் சொல்தான் அவருக்குக் கடைசிவரை ஞாபகத்தில் இருந்தது. ஏன்னா அடிச்சது தப்புன்னு அவருக்கு அப்பவே தெரியும். அந்தச் சொல் மட்டும் சரியா தப்பான்னு தெரியலை. "அவங்க சோறுதானேப்பா நாம தின்னோம்" என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறார். 1940களில் சீனிவாசராவ் இந்தப் பக்கம் வந்து சங்கம் கட்டினார். செங்கொடி ஏறிச்சு. 1952ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கெல்லாம் பிறகுதான் தாத்தாவுக்குக் கணக்கு விளங்கியது. நட்டது பூட்டி. களையெடுத்தது பூட்டி. அறுத்தது, அடித்தது, தூற்றியது, மூட்டை கட்டி வண்டியில் ஏற்றியது எல்லாம் நம்ம ஆள். மிராசுதார் கையில் இருந்தது மரக்கால் ஒன்றுதான். மரக்காலைக் கையில் வைத்திருக்கிறவன், 'நான் சோறு போடுறேன்' என்கிறான்.

இந்த மரக்காலை ஞாபகத்தில் வையுங்கள். இனிமேல் பேசப்போகிற டிவி கதைக்கும் அதுதான் அளவு.

எங்க ஊர்ல முதலில் டிவி வந்தது பஞ்சாயத்து கட்டிடத்துக்கு. கட்டிடம் ஊர்த்தெருவில். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் தூர்தர்ஷனில் படம் போடுவார்கள். ஊர்ப் பிள்ளைகள் உள்ளே, நாங்கள் சன்னலுக்கு வெளியே. ஒரு படத்தில் காமெடி நடிகர் வெட்டியான் வேஷத்தில் வந்தார். அழுக்கு வேட்டி, இளிப்பு, குடி, கடைசியில் உதை. உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் திரையைப் பார்த்துச் சிரிச்சாங்க. சிரிச்சுட்டு, அப்படியே தலையைத் திருப்பி சன்னலைப் பார்த்துச் சிரிச்சாங்க. மறுநாள் பள்ளிக்கூடத்தில் எனக்கு அந்த வேஷத்தின் பெயர். ஐந்தாம் வகுப்பு முடிகிறவரை அதுதான் என் பெயர்.

அப்புறம் கேபிள் வந்தது. 1993 ஏப்ரல் 14ஆம் தேதி சன் டிவி தொடங்கியது. அண்ணல் பிறந்தநாள்தான். ஆனால் அன்று சித்திரை முதல் நாள், புத்தாண்டு. டிவிக்காரங்க எந்தக் கணக்கில் அந்த நாளைத் தேர்ந்தெடுத்திருப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும். 2006க்குப் பிறகு தமிழ்நாடு அரசு இலவசக் கலர் டிவி கொடுத்தது. சேரியில் வீட்டுக்கு வீடு 'கலைஞர் டிவி' வந்தது. சன்னலுக்கு வெளியே நின்ற நாங்கள் முதல்முறையாக உட்கார்ந்து பார்த்தோம். உட்கார்ந்து பார்த்தது என்ன? கருப்பாய் இருப்பதற்குச் சிரிப்பு. சேரிப் பேச்சுக்குச் சிரிப்பு. குப்பை அள்ளுகிறவருக்கு, வீட்டு வேலைக்காரம்மாவுக்கு, திருநங்கைக்குச் சிரிப்பு. இதுக்கெல்லாம் எந்த அமைச்சகத்திலிருந்தும் நோட்டீஸ் வந்ததாக நான் கேள்விப்படவில்லை. கீழே பார்த்துச் சிரிக்கிற சிரிப்புக்கு எப்பவும் லைசென்ஸ் உண்டு.

மேலே பார்த்துச் சிரித்தால் என்ன ஆகும்? அதற்கு நம் தமிழிலேயே ஒரு வழக்கு இருக்கிறது.

2022 ஜனவரி 15, மாட்டுப் பொங்கல். ஜீ தமிழ் டிவியில் 'ஜூனியர் சூப்பர் ஸ்டார்ஸ்' என்று பிள்ளைகள் நடிக்கிற நிகழ்ச்சி, நான்காவது சீசன். இரண்டு சின்னப் பிள்ளைகள், ஒன்று ராஜா, ஒன்று மந்திரி. 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி' பாணியில் ஒரு குறுநாடகம். கருப்புப் பணத்தை ஒழிக்கிறேன் என்று ராஜா நோட்டைச் செல்லாது என்று அறிவிக்கிறார். ஒழியவில்லை. ராஜா கலர் கலராய் மேல்சட்டை போட்டுக்கொண்டு நாடு நாடாய்ச் சுற்றுகிறார். யார் பெயரையும் சொல்லவில்லை. பெயர் சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்தது. அதுதானே பகடி.

இந்தப் புலிகேசி எங்கிருந்து வந்தார் என்று பாருங்கள். படத்தை எடுத்த சிம்புதேவன் ஆனந்த விகடனில் கார்ட்டூன் வரைந்தவர். காகிதத்தில் கோடாக இருந்த ராஜா, 2006ல் வடிவேலு உடம்பில் ஏறினார். பதினாறு வருஷம் கழித்து ஒரு குழந்தை உடம்பில் ஏறினார். வெளிநாட்டில் கார்ட்டூன் படத்துக்குச் செய்கிற வேலையை நம்ம ஊரில் பிள்ளைகளை வைத்துச் செய்கிறோம். குழந்தை வாயால் வந்தால் யாரும் கோபப்பட மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கை இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. பாஜகவின் மாநில தகவல் தொழில்நுட்பப் பிரிவுத் தலைவர் சேனலுக்குக் கண்டனக் கடிதம் எழுதினார். பத்து வயசுப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எப்படிப் புரியும், பெரியவங்க புகுத்தியிருக்காங்க என்பது வாதம். ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ஜனவரி 17ஆம் தேதி சேனலுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஏழு நாளில் பதில் சொல்லணும். ரெண்டு பிள்ளைங்க கிரீடம் வச்சுக்கிட்டு பேசினதுக்கு ஒரு அரசாங்கம் ஏழு நாள் கெடு வைக்குது.

இதில் எனக்கு ஒரு சொந்த சம்பந்தம் இருக்கிறது. செல்லாத நோட்டு நாடகத்தில் நானும் ஒரு நடிகன். கவுண்டருக்கு உள்பக்கம்.

2016 நவம்பர் 8ஆம் தேதி ராத்திரி அறிவிப்பு வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான். எங்கள் கிளை டெல்டாவில் ஒரு சின்ன ஊர். சம்பாவுக்கு நட்டு, களையெடுப்பு நடக்கிற சமயம். அந்த வருஷம் மழையும் பொய்த்தது. வயலில் இருக்க வேண்டிய பெண்கள் விடியற்காலை நாலு மணியிலிருந்து வரிசையில். ஒரு ஆளுக்கு முதலில் நாலாயிரம் மாற்றலாம் என்றார்கள், பிறகு நாலாயிரத்து ஐந்நூறு, பிறகு இரண்டாயிரம். ஒருவரே திரும்பத் திரும்ப வருகிறார் என்று விரலில் மை வைக்கச் சொன்னார்கள். நவம்பர் 14ஆம் தேதி மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கிகள் பழைய நோட்டை வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. டெல்டாவில் விவசாயி கணக்கு வைத்திருக்கிற இடமே அதுதான். அந்தக் கூட்டமும் எங்கள் வாசலுக்கு வந்தது.

எங்கள் தெரு அம்மாச்சி ஒருத்தர் வந்தார். முந்தானையில் முடிந்த இரண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டு. நடவுக் கூலியில் சேர்த்தது. நான் அவர் விரலைப் பிடித்து மை வைத்தேன். "எதுக்குய்யா தம்பி, நான் ஓட்டா போட வந்தேன்?" என்றார். வரிசையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாச்சி செய்ததுதான் சரியான பகடி. பிறகு 2018ல் ரிசர்வ் வங்கியே கணக்குச் சொன்னது. செல்லாது என்று அறிவித்த நோட்டில் 99.3 சதவீதம் திரும்பி வந்துவிட்டது. அந்தப் பிள்ளைகள் டிவியில் சொன்னதும் அதேதான்: ராஜா ஒழிக்கப் போனார், ஒழியவில்லை. ரிசர்வ் வங்கி இங்கிலீஷில் சொன்னால் ஆண்டறிக்கை. குழந்தை தமிழில் சொன்னால் நோட்டீஸ்.

இது ஒரு கட்சியோடு முடிகிற சங்கதி என்று யாரும் நினைக்க வேண்டாம். 1987ல் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு நகைச்சுவைப் படம் வந்தது. எம்.எல்.ஏ.வையும் மந்திரியையும் கேலி செய்தது. எம்.ஜி.ஆர். ஆட்சி. சட்டசபை ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாளில் விட்டார்கள். பின்னால் உயர்நீதிமன்றம் ஆயிரம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2025 பிப்ரவரியில் அதே விகடனின் இணைய இதழில் பிரதமர் விலங்கோடு அமெரிக்க அதிபர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற கார்ட்டூன் வந்தது. அமெரிக்கா நம் ஆட்களைக் கையில் விலங்கு போட்டுத் திருப்பி அனுப்பிய சமயம். விகடன் இணையதளமே முடக்கப்பட்டது. மார்ச் மாதம் சென்னை உயர்நீதிமன்றம், அந்தப் படத்தை இப்போதைக்கு எடுத்து வையுங்கள், தளத்தைத் திறந்து விடச் சொல்கிறேன் என்றது. வெகுசன வார இதழ்கள் மேல் நமக்கு வேறு கணக்கு உண்டு. அவற்றின் ஜோக்குகளில் வேலைக்காரியும் பிச்சைக்காரனும் பட்ட பாடு நமக்குத் தெரியும். ஆனாலும் கீழே சிரித்த காலமெல்லாம் வராத தண்டனை மேலே சிரித்த அன்று வந்ததே, அதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் அரசாங்கம் கேலியை அடித்த கதை. இதைவிடச் சூட்சுமமான இடம் ஒன்று உண்டு. தனக்கு மேடை கொடுத்தவனையே கேலி செய்வது. அங்கேதான் 'உண்ட வீட்டுக்கு ரெண்டகம்' என்கிற சொல் வந்து நிற்கும்.

அமெரிக்காவில் 'சவுத் பார்க்' என்று ஒரு கார்ட்டூன் தொடர். 1997லிருந்து வருகிறது. காகிதத்தை வெட்டி ஒட்டின மாதிரி பொம்மைகள், பனி கொட்டுகிற ஊரில் நாலு பையன்கள், காது கூசுகிற பேச்சு. அதை ஒளிபரப்புகிற சேனலுக்கு முதலாளி பாரமவுண்ட் கம்பெனி. சி.பி.எஸ். என்கிற பெரிய டிவியும் அதே கம்பெனியுடையது. சி.பி.எஸ். எடுத்த ஒரு பேட்டியை வெட்டி ஒட்டிவிட்டார்கள் என்று டிரம்ப் வழக்குப் போட்டிருந்தார். கம்பெனியை இன்னொரு கம்பெனியோடு சேர்க்கப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. சேர்ப்பதற்கு அரசாங்கத்தின் ஒப்புதல் வேண்டும். 2025 ஜூலை தொடக்கத்தில் பாரமவுண்ட் ஒரு கோடியே அறுபது லட்சம் டாலர் தருவதாகச் சொல்லி வழக்கை முடித்துக்கொண்டது. சி.பி.எஸ்.ஸில் ராத்திரி நிகழ்ச்சி நடத்திய கோல்பேர் அதை லஞ்சம் என்று சொல்லிக் கேலி செய்தார். கொஞ்ச நாளில் அவர் நிகழ்ச்சியை 2026 மே மாதத்தோடு நிறுத்தப் போவதாக அறிவிப்பு வந்தது. பணக்கணக்குதான் காரணம் என்று டிவி சொன்னது.

ஜூலை 23ஆம் தேதி சவுத் பார்க் புதிய சீசனின் முதல் எபிசோட் வந்தது. அதில் டிரம்ப்பைச் சாத்தானோடு படுக்கையில் காட்டினார்கள். பத்திரிகைகள் அதைத்தான் பெரிதாய் எழுதின. எனக்கு முக்கியமாய்ப் பட்டது வேறு. ஏசுநாதர் வந்து ஊர் ஜனங்களிடம் ரகசியமாய்ச் சொல்கிறார்: வாயை மூடிக்கொண்டு இருங்கள், கோல்பேருக்கு நடந்ததைப் பார்த்தீர்கள் இல்லையா, பாரமவுண்ட் பணம் கட்டியதைப் பார்த்தீர்கள் இல்லையா. அதாவது, பாரமவுண்ட் கொடுத்த மேடையில் நின்றுகொண்டே பாரமவுண்ட் பயந்த கதையைச் சொல்கிறார்கள். பூட்டன் களத்துமேட்டில் செய்தது அது. மிராசுதார் களம், மிராசுதார் நெல், மிராசுதார் நடை.

வெள்ளை மாளிகை இந்தத் தொடர் செல்லாக்காசாகி இருபது வருஷம் ஆச்சு என்கிற மாதிரி அறிக்கை விட்டது. மறுநாளே கம்பெனிகள் சேர ஒப்புதலும் வந்துவிட்டது. அந்தத் தொடர்க்காரர்களுக்குச் சாணிப்பால் கிடைக்கவில்லை. ஏன்? அவர்கள் தைரியசாலிகள் என்பதால் மட்டுமா? அதே வாரத்தில்தான் பாரமவுண்டோடு ஐந்து வருஷத்துக்கு நூற்றைம்பது கோடி டாலர் ஒப்பந்தம் அவர்களுக்கு முடிந்திருந்தது. அவர்கள் போனால் கம்பெனிக்கு நட்டம். சோறு யார் போடுகிறார்கள் என்று ரெண்டு பக்கத்துக்கும் தெரியும். மரக்கால் அவர்கள் கையிலும் இருக்கிறது. ஆகவே ரெண்டகம் என்ற சொல்லை அங்கே யாரும் உரக்கச் சொல்ல முடியவில்லை.

நம்ம ஊரில்? நம்முடைய டிவிகள் பெரும்பாலும் ஒன்று கட்சிக் குடும்பங்களோடது, இல்லாவிட்டால் மும்பை முதலாளிகளோடது. தன் முதலாளியை, தன் முதலாளியின் கட்சியைத் தானே கேலி செய்கிற ஒரு நிகழ்ச்சியை நான் இதுவரை தமிழில் பார்த்ததில்லை. பக்கத்து டிவியின் முதலாளியைத் திட்டுவார்கள். அது பகடி இல்லை, பங்காளிச் சண்டை. தன்னைப் பார்த்துச் சிரிக்க விடாதவனின் மேடையில் நடக்கிற எல்லாச் சிரிப்பும், கடைசியில் சன்னலுக்கு வெளியே நிற்கிறவனைப் பார்த்துத்தான் திரும்பும். வேறு போக்கிடம் அதற்கு இல்லை.

சரி, ஊரார் கதை போதும். நம்ம கதைக்கு வருவோம். இதை விட்டுவிட்டுப் பேசினால் நான் நேர்மையாய்ப் பேசினதா ஆகாது.

2012ல் அம்பேத்கர் கார்ட்டூன் பிரச்சினை வந்தது. 1949ல் சங்கர் வரைந்த படம். அரசியல் சட்டம் ஒரு நத்தை. அதன்மேல் அம்பேத்கர் சாட்டையோடு உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் நேரு சாட்டையை ஓங்கி நிற்கிறார். அது என்.சி.இ.ஆர்.டி.யின் பதினோராம் வகுப்புப் பாடநூலில் இருந்தது. அந்த மே மாதம் நாடாளுமன்றத்தில் தொல். திருமாவளவன் உள்ளிட்டவர்கள் எழுப்பினார்கள். அமைச்சர் கபில் சிபல் வருத்தம் தெரிவித்தார். பாடநூல் ஆலோசகர்களான யோகேந்திர யாதவும் சுகாஸ் பல்சிகரும் விலகினார்கள். புனேயில் பல்சிகரின் அலுவலகத்தில் புகுந்து அடித்து உடைத்தார்கள்.

படித்த நண்பர்கள் பலர் அப்போது நம்மைப் பார்த்துச் சிரித்தார்கள். இவங்களுக்குக் கார்ட்டூன் புரியலை, சாட்டை நத்தைக்குத்தானே, அம்பேத்கருக்கா என்றார்கள். நான் அவர்களிடம் சொன்னது இதுதான்: உங்களுக்குச் சாட்டை என்பது வேகத்துக்கு ஒரு குறியீடு. எனக்குச் சாட்டை என்பது பூட்டன் முதுகு. அந்தப் படத்தில் முன்னால் உட்கார்ந்திருக்கிறவர் எங்களுக்கு யார், பின்னால் சாட்டையோடு நிற்கிறவர் எந்தச் சாதி, அதை ஒரு சேரிப் பையன் நாற்பது பேர் இருக்கிற வகுப்பில் திறந்து பார்க்கும்போது எத்தனை தலை அவன் பக்கம் திரும்பும் என்பது உங்களுக்குத் தெரியாது. சன்னலில் நின்றவனுக்குத் தெரியும். அந்தக் கோபம் நியாயம். இன்றைக்கும் நான் அப்படித்தான் சொல்வேன்.

ஆனால் அந்தக் கோபத்தை வைத்து என்ன நடந்தது? ஒரே நாளில் எல்லாக் கட்சிக்காரனும் நமக்கு ஆதரவாய் எழுந்து நின்றான். வன்கொடுமை நடந்தால் எழாதவன், கார்ட்டூனுக்கு எழுந்தான். அம்பேத்கர் படத்தோடு சேர்த்து அரசியல்வாதிகளைக் கேலி செய்கிற படங்களையெல்லாம் எடு என்றார்கள். தோரட் குழு போட்டார்கள். குழு வேறு பல கார்ட்டூன்களையும் நீக்கச் சொன்னது. அந்தக் குழுவில் ஒரே ஒருவர் மாறுபட்டு எழுதினார், எம்.எஸ்.எஸ். பாண்டியன். நம் தமிழ்நாட்டு ஆய்வாளர். நம்முடைய காயத்தைத் தள்ளுவண்டியாக்கி, அதன்மேல் தங்கள் மானத்தை ஏற்றிக்கொண்டு போனார்கள். மிராசுதார் தன் நடையைப் பழித்துக்காட்டக் கூடாது என்பதற்கு, பூட்டன் முதுகையே சாட்சியாகக் காட்டின மாதிரி.

அப்போது நாம் செய்திருக்க வேண்டியது என்ன? அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நம்முடைய படம் ஒன்றை வைக்கச் சொல்லி நின்றிருக்கலாம். நத்தையை மெதுவாய் நடக்க வைத்தவர்கள் யார் என்று நாம் வரைந்திருக்கலாம். சேரியில் கோடு போடத் தெரிந்த பையனே இல்லையா? சுவரெல்லாம் கொடியும் தலைவர் படமும் யார் வரைகிறார்கள்? எடுக்கச் சொல்லிக் கேட்டோம். போடச் சொல்லிக் கேட்கவில்லை.

இப்போது அந்தப் பாக்கி.

போன ஏப்ரல் 14ஆம் தேதி. எங்கள் தெருவில் சாயந்திர டியூஷன் நடத்துகிறோம். பிள்ளைகளை ஒரு நாடகம் போடச் சொன்னேன். நான்தான் சொன்னேன். முந்தின நாள் ஒத்திகை பார்க்க உட்கார்ந்தேன். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி தலைவர். நீலத்துண்டு தரையில் இழுபடுகிறது. மூணு மணிக் கூட்டத்துக்கு ஏழு மணிக்கு வர்றார். வந்ததும் "போட்டோகிராபர் எங்கே?" என்கிறார். "பிளெக்ஸில் என் தலை ஏன் சின்னதா இருக்கு?" என்கிறார். ஒரு பையன் சுடுகாட்டுப் பாதை மனுவை நீட்டுகிறான். அதை வாங்கி நாலாக மடித்து, டீ கிளாஸ் சுடாமல் இருக்க அதால் பிடித்துக்கொள்கிறார். கடைசியில் "போராட்டம் தொடரும்" என்று காரில் ஏறிப் போய்விடுகிறார். மனு கீழே கிடக்கிறது.

நான் சிரித்தேன். மனசுக்குள் சிரித்தேன். சிரித்து முடிக்கிறதுக்குள் மறுநாள் மேடைக்கு யார் யார் வருகிறார்கள் என்று ஞாபகம் வந்துவிட்டது. எழுந்து, "இது வேண்டாம், பறையாட்டம் மட்டும் போதும்" என்றேன். அந்தப் பெண் ஏன் என்று கேட்டாள். என் வாயிலிருந்து வந்ததை அப்படியே சொல்கிறேன். "டியூஷன் நடத்துறோம், நோட்டுப் புத்தகம் வாங்கித் தர்றோம், மேடையும் போட்டுத் தர்றோம். அதிலேயே ஏறி நம்மளையே கேலி பண்றீங்களா?"

அவள், "நீங்கதானே அண்ணே பார்த்ததை நடிக்கச் சொன்னீங்க?" என்று கேட்டாள். துண்டை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

ராத்திரி படுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் சொன்னது யாருடைய வாக்கியம்? எழுபது எண்பது வருஷத்துக்கு முன்னால் களத்துமேட்டில் மிராசுதார் சொன்ன வாக்கியம். சாணிப்பால்தான் இல்லை. மற்றதெல்லாம் இருந்தது. நோட்டுப் புத்தகம் வாங்கின காசு தெருவில் வீடுவீடாய் வசூல் பண்ணின காசு. அந்தப் பெண்ணின் அம்மா களையெடுத்த கூலியில் கொடுத்த இருபது ரூபாயும் அதில் உண்டு. மேடைக்குக் கழி கட்டினது அவள் அப்பா. என் கையில் இருந்தது மரக்கால். அதாவது ஒரு மைக். அதை வைத்துக்கொண்டு நான் அவளுக்குச் சோறு போடுகிறவனாகிவிட்டேன்.

பேங்க்கில் எனக்கு நடத்தை விதி இருக்கிறது. அங்கே வாயை மூடிக்கொண்டு, அந்த மூடின வாயை இயக்கத்துக்கு எடுத்து வந்து, சின்னப் பிள்ளைகள் வாயையும் மூடிவிட்டேன். 2016ல் அந்த அம்மாச்சி பகடிக்குச் சிரிக்காமல் இருந்தேனே, அதன் மிச்சம்தான் இது.

அமைச்சகத்துக்கு எதிராய்க் கத்துவது சுலபம், தோழர்களே. மும்பை கம்பெனியையும் அமெரிக்கக் கம்பெனியையும் நாம் திட்டினால் அவர்களுக்குக் காதில் விழாது. நம்ம மேடைக்கு நாமதான் முதலாளி. இங்கே நம்மைப் பார்த்துச் சிரிக்கப் பிள்ளைகளுக்கு உரிமை இல்லை என்றால், ஜீ தமிழ் பிள்ளைகளுக்காகப் பேச நமக்கு வாய் இல்லை. நம்மை நாமே கேலி செய்துகொண்டால் எதிரி அதைப் பிடித்துக்கொள்வான் என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். பிடித்துக்கொள்ளட்டும். மனு இன்னும் கீழேதான் கிடக்கிறது. சுடுகாட்டுக்குப் பாதை இன்னும் வயல் வரப்புதான். எதிரி சிரிப்பான் என்று பயந்தோமே தவிர, அந்தப் பெண் சொன்னது உண்மையா என்று நாம் கேட்கவில்லை.

பேசி முடிக்கிறேன். அந்த நாடகத்தை இன்றைக்கு இந்த மேடையில் முழுசாய்ப் போடச் சொல்லி அமைப்பாளர்களிடம் கேட்டுக்கொண்டேன். ஒத்துக்கொண்டார்கள். தலைவர்கள் மூன்று பேர் முன்வரிசையில் இருக்கிறார்கள். தயவுசெய்து எழுந்து போகாதீர்கள். பிள்ளைகளே, அன்றைக்கு நான் செய்தது தப்பு. எல்லார் முன்னாலும் சொல்கிறேன், மன்னிச்சுக்குங்க. இந்தா தாயி, உன் துண்டு.

நாடகத்தில் இப்போது புதுசாய் ஒரு பாத்திரம் சேர்த்திருப்பதாய்க் கேள்விப்பட்டேன். பேங்க் கிளார்க் ஒருத்தர் வருகிறாராம். கவிதை எல்லாம் எழுதுவாராம். நானும் முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கிறேன்.

ஜெய்பீம்.